முகத்துவாரம் தெற்கே நகர்ந்த வருஷம்

1

இந்த ஊரில் பிள்ளைகளை ஐந்து வயதை ஒட்டியே பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வசந்தகால விடுமுறை முடிந்ததும் என் மகள் நளினியைச் சேர்க்கப் போனேன். தலைமையாசிரியை வயதான அம்மாள். நல்ல மாதிரி. நளினிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, தாளில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பிறந்த ஊர், அம்மை குத்தியாயிற்றா, தகப்பனாரின் தொழில். அதன்பிறகு, "கூடப் பிறந்தவர்கள் உண்டா?" என்றார்.

நான் மனசுக்குள் தமிழில்தான் நினைத்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மகன். அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அவன் எந்தப் பள்ளி?"

"பள்ளி இல்லை. அவன் இறந்துவிட்டான்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். உண்மையாகவே வருந்தினார், முகத்தில் தெரிந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்கள் 'இருக்கிறான்' என்று சொன்னதால் தவறாகப் புரிந்துகொண்டேன். 'இருந்தான்' என்று சொல்ல வேண்டும்" என்றார்.

வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த பேச்சுப் பிழைகளையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் திருத்தியிருக்கிறார்கள். எதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை. இந்தத் திருத்தம் மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது. நம் மொழியில் 'எனக்கு இரண்டு பிள்ளைகள்' என்றால் போதும். அதில் வினைச்சொல் கிடையாது. இருக்கிறார்களா, இருந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம். இந்த பாஷையில் அது முடியாது. வாயைத் திறந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கூடப் பிறந்தவர்கள் என்ற இடத்தில் அவர் 'இல்லை' என்று எழுதினார். நளினி என்ற பெயர் அவர் வாயில் நுழையாததால், நெல்லி என்று கூப்பிடட்டுமா என்று அவளிடமே கேட்டார். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். நெல்லி என்றால் நம் ஊரில் ஒரு காய் என்று சொல்ல நினைத்தேன்.

2

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மீன்பிடித் துறைமுகம் ஒன்றை ஒட்டிய சின்ன ஊர். கடலோரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையம். கடல் தரையிலிருந்து சேற்றை அள்ளிவந்து சல்லடையில் அலசி, அதில் தங்கும் புழு, மட்டி, நண்டுக் குஞ்சு எல்லாவற்றையும் வகை பிரித்து, எது எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே வாழ்கிறது என்று பார்ப்பது என் வேலை. குளிர்காலத்தில் சேறே பனிக்கட்டி மாதிரி இருக்கும். விரல் மரத்துப்போய் இடுக்கி நழுவிவிடும்.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பொதட்டூர்பேட்டைக்காரி. எங்கள் நைனா அரிசி மில்லில் கணக்குப் பார்த்தவர். பெண்ணைப் படிக்கவைக்கிறானே என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலத்தில் என்னை மெட்ராசுக்கு அனுப்பி விலங்கியல் படிக்கவைத்தார். கடலையே நான் கல்லூரிக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். என் கணவர் தமிழாசிரியர். இங்கே அவர் மீன் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் வேலை பார்த்தார். காலையில் ஏழு மணிக்குக் கொட்டகைக்குப் போய், மாலையில் மர வாசனையும் மீன் வாசனையுமாக வருவார். வந்ததும் வெந்நீரில் கை கழுவிக்கொண்டு நளினியை மடியில் வைத்துக்கொள்வார். அவர் தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதற்காக அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. அவளுக்குப் புரிகிறதே, அது போதும் என்பார்.

"உங்களுக்கு இந்த வேலை கஷ்டமா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆணி அடிக்கும்போது எதையும் நினைக்க வேண்டியதில்லை" என்றார்.

3

கல்யாணமாகி மகன் சேகர் பிறந்த பிறகு எனக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைத்தது. எடுத்துக்கொண்ட பொருள் பழவேற்காடு ஏரி. ஆரணி ஆற்று வெள்ளம் வந்து விழும்போது ஏரித் தரையில் வாழும் கடல் உயிர்களுக்கு என்ன ஆகிறது, ஏரி கடலில் திறக்கும் முகத்துவாரம் மண் மூடிக்கொண்டால் என்ன ஆகிறது, திறந்துகொண்டால் எவை திரும்பி வருகின்றன என்பது கேள்வி. என் கணவர் அந்த ஊர்ப் பள்ளிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார். காதர் பாய் என்ற கருவாட்டு வியாபாரியின் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். அவர் மனைவி மைமூன் அக்காதான் சேகருக்குப் பாதித் தாய். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அவரே வந்து பிள்ளையைத் தூக்கிப்போய்ச் சோறு ஊட்டிவிடுவார்.

ஏரிக்குள் போகும் படகு மாசிலாமணி என்ற மீனவருடையது. முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டில் அவருடைய குப்பம். வாரத்தில் மூன்று நாள் காலையில் படகைக் கொண்டுவருவார். சேகரையும் கூட்டிக்கொண்டு போவேன். நான் இரும்புக் கவ்வியைக் கயிற்றில் கட்டி இறக்குவேன், அவர் இழுத்துக்கொடுப்பார். சேறு மேலே வந்ததும் சேகர் குப்புறப் படுத்து அதைப் பார்ப்பான்.

"இன்னா சேகரு, இன்னிக்கி எத்தினி புழு மாட்டிச்சி?" என்று மாசிலாமணி கேட்பார்.

"இது புழு இல்ல மாமா. இது வேற" என்பான் அவன். என்னவென்று சொல்லத் தெரியாது. வேற என்பது மட்டும் உறுதியாகத் தெரியும்.

அவனுக்குப் பிடித்தது சேற்றில் ஓடும் மீன். தண்ணீர் வற்றிய கரையில் முன்துடுப்பை ஊன்றித் தவழ்ந்துவரும், கண் இரண்டும் தலைக்கு மேலே இருக்கும். அதைக் கண்டால் அவனும் சேற்றில் கையூன்றித் தவழ்வான். பூநாரைகள் கூட்டமாக இறங்கும் மாதத்தில் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள், அவன் மட்டும் கீழேதான் பார்த்துக்கொண்டிருப்பான். "இவன் உன்னை மாதிரி" என்பார் என் கணவர். எனக்கு அதைவிடப் பெருமையான வார்த்தையை இதுவரை யாரும் சொல்லவில்லை.

4

ஐம்பத்திரண்டாம் வருஷத்து மழைக்காலம். மூன்று நாளாக மழை விடவில்லை. ஆரணி ஆறு கரை புரண்டு, பொன்னேரி போகும் சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. சேகருக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மறுநாள் காலையில் அவன் கஞ்சியை விழுங்க முடியாமல் துப்பினான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். தொண்டையில் வெள்ளையாக ஒரு படலம்.

ஊரில் இருந்தவர் ஒரு கம்பவுண்டர். நல்ல மனிதர். பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இது தொண்டை அடைப்பான். இதுக்கு ஊசி மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. ஒடனே கெளம்புங்க" என்றார்.

மாசிலாமணிக்கு ஆள் அனுப்பினோம். அவர் தம்பியையும் இன்னும் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ரோட்டை நெனச்சிக்கூடப் பாக்காதீங்கம்மா. தண்ணி ஏறிக்கினே போவுது. பக்கிங்காம் கால்வாயிலயே போய்டலாம். எண்ணூர் போய்ட்டா அங்க வண்டி கெடைக்கும்."

அவர் மனைவி ராணி பிள்ளையின் கையில் மஞ்சள் துணி கட்டினாள். "பெரியபாளையத்தாளுக்கு வேண்டிக்கினேன். புள்ள எழுந்து ஓடட்டும், நானே வேப்பெலையைச் சேலையாக் கட்டிக்கினு கோயிலுக்கு வரேன்" என்றாள். மைமூன் அக்கா பிள்ளையின் நெற்றியில் கைவைத்து உதட்டுக்குள் ஓதிக்கொண்டே படகுவரை நடந்து வந்தார்.

ஓலைக் கூரை போட்ட படகு. உள்ளே நானும் என் கணவரும், நடுவில் சேகர். கால்வாய் நிரம்பிக் கரை தெரியாமல் இருந்தது. அங்கங்கே மரம் விழுந்து வழியை அடைத்திருந்தது. மாசிலாமணியும் மற்றவர்களும் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். யாரும் உட்காரவில்லை, யாரும் ஒருவாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒருவர் மேலும் ஒரு குறை சொல்ல முடியாது. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். யார் மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சேகர் மூச்சு இழுக்கும் சத்தம் மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. பேச முடியவில்லை. அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனிடம் பேசிக்கொண்டே வந்தேன். மழை விட்டதும் சேற்று மீன் எல்லாம் வெளியே வந்துவிடும், நாம் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னேன். மத்தியானம் கடந்து, எண்ணூருக்கு இன்னும் வெகுதூரம் இருக்கும்போது அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் படகு போய்க்கொண்டேதான் இருந்தது. நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மாசிலாமணி கூரைக்குள் குனிந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா, படகைத் திருப்பட்டா?" என்றார்.

சரி என்று சொன்னது என் கணவர். 

ஊருக்குள் எங்கே பார்த்தாலும் தண்ணீர். புதைக்க மேடான இடம் இல்லை. மாசிலாமணிதான் சொன்னார். "எங்க குப்பத்துப் பசங்க கீற எடத்துலயே வெச்சிடலாம் சார். தனியா இருக்கமாட்டான்." குப்பத்துக்குத் தெற்கே இருந்த மணல்மேட்டில் வைத்தோம். அவனுக்கு ஐந்து முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன.

5

மழைக்குப் பிறகும் நான் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. வெள்ளத்தில் ஏரி முழுக்க நல்ல தண்ணீராகி, தரையில் இருந்த கடல் உயிர்களெல்லாம் செத்துப்போயிருந்தன. சல்லடையில் வெறும் ஓடுகள். பிறகு முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறியது. இரண்டு மாதத்தில் சேற்றில் மறுபடியும் மட்டிக் குஞ்சுகள், மறுபடியும் புழுக்கள். என் பேராசிரியர் அதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது பாருங்கள் அம்மா என்று எனக்கு ஆறுதலாகவும் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வந்தவை போனவை அல்ல. அதே இனம், அவ்வளவுதான். இதை என்னைவிட யார் பார்த்திருக்க முடியும்?

ஆய்வேடு முடிந்ததும் இங்கே உபகாரச் சம்பளத்தில் இடம் கிடைத்தது. வயிற்றில் நளினியோடு கப்பல் ஏறினேன். என்னோடு வந்தால் என் கணவருக்கு இங்கே பள்ளிக்கூட வேலை கிடைக்காது என்று தெரியும். தெரிந்தும் வந்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் மணல்மேட்டுக்குப் போனோம். மாசிலாமணி, "நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

6

இந்த மே மாதம் மெட்ராசிலிருந்து ஓர் இளைஞர் எங்கள் நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்தார். நம் ஊர்ப் பிள்ளை என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். இங்கே கிடைக்கும் பருப்பில் ஒரு சாம்பார் வைத்தேன். அவர் ஊர்ப் பேச்சாகவே பேசிக்கொண்டிருந்தார். புதுவாயலில் இப்போது லாரிகள் நிற்கின்றனவாம், டீக்கடைகள் கூடிவிட்டனவாம். கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார இடமே கிடைப்பதில்லையாம். பிறகு, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் ஏரியைப் பற்றிச் சொன்னார்.

"நீங்க எழுதியிருந்தது சரியாப் போச்சு மேடம். முகத்துவாரம் தெற்கே நகரும்னு சொல்லியிருந்தீங்களே? போன மழையில நல்லாவே நகர்ந்திருக்கு. அந்த மணல்திட்டு கரைஞ்சிக்கினே வருது. குப்பத்துல குடிசையெல்லாம் பிரிச்சி எடுத்துக்கினு உள்ளே தள்ளிப் போய்ட்டாங்க."

என் கணவர் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். கரண்டி அப்படியே நின்றது. பிறகு போட்டு முடித்தார். மோர் வேணுமா தம்பி என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. சாப்பிட்டு, நன்றி சொல்லி, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் போனதும் என் கணவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீ சொல்லு. அந்த மேடு இன்னும் எத்தனை நாளைக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்."

அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. முகத்துவாரம் நகரும் போக்கை நான் மூன்று வருஷம் அளந்திருக்கிறேன். குப்பம் இருந்த இடத்துக்கும் அந்த மேட்டுக்கும் இடையில் எவ்வளவு மணல் என்றும் தெரியும். "இந்த மழை தாண்டலாம். அடுத்த மழை தாண்டாது" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "வேற இடத்துக்கு மாத்தலாமா?"

"அந்த மணல்ல, இத்தனை வருஷத்துக்கு அப்புறம், மாத்தறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க."

நான் ஆராய்ச்சிக்காரி மாதிரி பதில் சொன்னேன். அந்தக் கேள்விக்கு வேறு விதமாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மேசையிலிருந்த தட்டுகளை எடுத்துவைத்துவிட்டு, "நான் போறேன்" என்றார். "எடுக்கறதுக்கில்ல. கடல் வந்து எடுத்துக்கும்போது பக்கத்துல யாராவது இருக்கணும். அன்னிக்குப் படகுல நாம ரெண்டு பேரும் இருந்தோம். இன்னிக்கு ஒருத்தராவது இருக்கலாம்."

7

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க எழுதிப்போட்டார். எதற்காக ஊர் திரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு 'மகனைப் பார்க்க' என்று எழுதியிருந்தார். அந்த மனு திரும்பி வந்தது. உங்கள் பழைய பாஸ்போர்ட்டில் மகன் யாரும் இல்லை, அவன் பெயரும் இருப்பிடமும் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். அவர் தமிழாசிரியர் கையெழுத்தில், நிறுத்தி நிதானமாக, 'சேகர், முகத்துவாரக் குப்பம், பழவேற்காடு' என்று எழுதி அனுப்பினார். அடுத்த தபாலில் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

என்னையும் வரச் சொல்லி அவர் ஒருமுறைதான் கேட்டார். "என்னால முடியாதுங்க" என்றேன். காரணங்கள் இருந்தன. இங்கே எனக்கு நிரந்தர வேலை கொடுத்திருக்கிறார்கள். நளினி பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். ஆனால் இதெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த ஏரியின் தண்ணீரை இன்னொருமுறை பார்க்க என்னால் முடியாது, அவருக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு பிள்ளையைச் சேர்ந்தே பறிகொடுத்தவர்கள் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆவதில்லை.

எப்போது திரும்புவீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பழைய பள்ளியில் ஒரு இடம் காலியாக இருப்பதாக மட்டும் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

நளினியின் ஐந்தாவது பிறந்தநாள் வரைக்கும் இருந்துவிட்டுப் போகலாம் என்று முடிவாயிற்று. பள்ளித் தோழிகள் நாலைந்து பேர் வந்தார்கள். நெல்லி, நெல்லி என்று கூப்பிட்டு வீட்டையே தலைகீழாக்கினார்கள். அவர் அவர்களுக்குக் காகிதத்தில் கத்திக் கப்பல் செய்து கொடுத்தார்.

மறுநாள் காலை உணவின்போது அவர் அவளிடம் சொன்னார். அதுவரை அவளுக்கு நாங்கள் எதுவும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளை, எதற்கு என்று விட்டிருந்தோம்.

"கண்ணு, உனக்கு ஒரு அண்ணன். பேரு சேகர். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போயிட்டான். ஊர்ல கடலோரம் மண்ணுல வெச்சிருக்கோம். அப்பா அவன்கிட்டப் போறேன்."

அவள் ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டு யோசித்தாள். அழவில்லை. "அவன் எவ்வளவு பெரியவன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நாலு வயசு."

"இப்போ?"

"இப்பவும் நாலுதான்."

அவள் தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

8

ரயில் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. அவருடன் ஆணி அடித்த இரண்டு பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள். கை கொடுத்தார்கள், தோளைத் தட்டினார்கள். அவருக்கும் அவர்களுக்கும் பேச அதிகம் பாஷை கிடையாது. ஐந்து வருஷம் ஒரே கொட்டகையில் நின்றவர்கள்.

நான் ஒரு கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னேன். "பழவேற்காட்டுல கம்பளி எதுக்கு?" என்று சிரித்தார். கப்பலில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மைமூன் அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள், மாசிலாமணியை, ராணியை என்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்ல வேண்டியது வேறு என்று அவருக்கும் தெரிந்தது.

"அவன்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

நான் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தெருவில் ஒருநாளும் என் விரலைத் தொட்டறியாதவர், அத்தனை பேர் நடுவில் நின்றார். பிறகு நளினியிடம் குனிந்தார்.

"அப்பா போய்ட்டு வரட்டுமா கண்ணு?"

அவள் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக எதையோ யோசித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. எங்களிடம் எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள், அன்றைக்குத் தமிழில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"போ அப்பா. நான் பெரிய பொண்ணு. அவன் சின்னப் பையன்தானே, அவனுக்குத்தான் அப்பா வேணும்."

அவர் நிமிரவேயில்லை. அவள் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ரயில் கார்டு வந்து மெதுவாக முழங்கையைத் தொட்ட பிறகுதான் ஏறினார். ரயில் மலையை வளைத்துக்கொண்டு போகும்வரை ஜன்னலில் அவர் கை தெரிந்தது.

நளினி தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். தூக்கினேன். கனமாக இருந்தாள். ஐந்து முடிந்த பிள்ளையை நான் அதற்குமுன் தூக்கியதில்லை. மேட்டில் ஏறி வீட்டுக் கதவு வரைக்கும் அவளை இறக்கிவிடாமல் நடந்தேன்.